மரத்தில் பிறந்த வேர்

ஆடி மாதத்து இரவுகளில் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடித் தெருக்களில் ஒரு சேதி வாசலுக்கு வாசல் போகும்: இன்றைக்கு இன்னார் வீட்டில் பிரம்மகமலம் பூக்கிறது. சாப்பாட்டை முடித்துக்கொண்டு அக்கம்பக்கத்தார் குழந்தைகளோடு வந்துவிடுவார்கள். எட்டரை, ஒன்பது மணிக்கு வெள்ளை மொட்டு மெல்ல வாய் பிளக்கும். நடுநிசிக்குள் உள்ளங்கையைவிடப் பெரிதாக விரிந்து வீட்டையே மணக்கவைக்கும். சிலர் சூடம் ஏற்றிக் கும்பிடுவார்கள். பொழுது விடிவதற்குள் பூ துவண்டு தொங்கிவிடும்.

காவிரிப் படுகையில் வீட்டுக்குள் வைத்து வளர்க்கிற பூச்செடிகளில் இதற்கு இருக்கும் மரியாதை வேறு எதற்கும் கிடையாது. ஆனால் இதே தெருவில், இதே தாய்ச்செடியிலிருந்து ஒடித்து வாங்கிப் போன துண்டு இன்னொரு வீட்டில் அழுகிப்போயிருக்கும். அல்லது ஐந்து வருஷமாக ஒரு மொட்டுகூட விடாமல் நீண்டுகொண்டே போகும். கைராசி என்று சொல்லி விட்டுவிடுகிறோம். கைராசிக்கு இதில் வேலை இல்லை. செடி எங்கே பிறந்தது, அதன் வேர் எதற்குப் பழகியது என்று தெரிந்துகொண்டால் பிரச்சினையின் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

இந்தச் செடியின் அறிவியல் பெயர் எபிஃபில்லம் ஆக்சிபெட்டலம். சுவிட்சர்லாந்தின் தாவரவியலாளர் தெ கந்தோல் 1828-இல் இதை முதலில் விவரித்தார். சொந்த ஊர் தெற்கு மெக்சிகோவும் குவாதமாலாவும் அவற்றை ஒட்டிய மழைக்காடுகளும். முள் இல்லாவிட்டாலும் இது கள்ளிக் குடும்பத்துச் செடி. நாம் இலை என்று நினைக்கும் பச்சைப் பட்டை உண்மையில் தட்டையாகிவிட்ட தண்டு. அதனால்தான் அதன் விளிம்பிலிருந்தே மொட்டு முளைக்கிறது. இலையின் ஓரத்தில் பூ வருவதாக நமக்குத் தோன்றுகிறது. அசல் பிரம்மகமலம் இமயமலையில் 3,000 மீட்டருக்கு மேலே, பாறை இடுக்குகளில் வளர்கிற வேறொரு செடி. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. உத்தராகண்டின் மாநில மலர் அது. நம் வீட்டுச் செடியைக் கேரளத்தில் நிஷாகந்தி என்கிறார்கள், இலங்கையில் கடுபுல் என்கிறார்கள். பெயர் எதுவானாலும் பூவின் அழகு குறையப்போவதில்லை. வருஷத்துக்கு ஒரே ஒருமுறைதான் பூக்கும் என்ற நம்பிக்கையை மட்டும் விட்டுவிடலாம். நன்றாக வளர்ந்த செடி ஒரே பருவத்தில் இரண்டு, மூன்று தடவை, தடவைக்குப் பல பூக்களாகப் பூக்கும்.

அந்த மழைக்காட்டில் இது தரையில் முளைப்பதில்லை. பெரிய மரங்களின் கிளைப் பிளவுகளில், மக்கிய இலைச்சருகும் பாசியும் சேர்ந்த இடத்தில் வேரூன்றும். இப்படி வாழ்பவற்றைத் தொற்றுத் தாவரங்கள் என்கிறோம். மரத்தின் சாற்றை இவை உறிஞ்சுவதில்லை, இடத்தை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. மழை பெய்தால் வேர் முழுக்க நனையும். மழை விட்ட சில மணி நேரத்தில் தண்ணீர் கிளை வழியே வழிந்து ஓடிவிடும், காற்று புகுந்துவிடும். நனைவதும் காய்வதும் மாறிமாறி வருகிற வாழ்க்கை அது. ஈரச் சேற்றில் நாள்கணக்கில் நிற்பது இந்த வேரின் பரம்பரையிலேயே இல்லாத அனுபவம்.

இப்போது நம் ஊர் மண்ணுக்கு வருவோம். பழைய டெல்டாவின் வண்டல் களிமண்ணை உலகத்தில் எந்த நெல் விவசாயியும் பொறாமையோடுதான் பார்ப்பான். தொழி உழுது, பரம்படித்து, சேற்றைக் குழைத்து விட்டால் தண்ணீர் கீழே இறங்காமல் வயலிலேயே நிற்கும். நெல்லுக்கு அதுதான் வேண்டும். ஒரு கிலோ நெல் விளைய, மழையும் பாசனமும் சேர்த்துச் சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீரை வயலுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு தண்ணீரில் நின்றும் நெல்லின் வேர் ஏன் மூச்சுத் திணறிச் சாவதில்லை? வேருக்கும் ஆக்சிஜன் வேண்டும், அதுவும் ஓயாமல் வேண்டும். தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். நெல் இதற்குத் தன் உடம்புக்குள்ளேயே ஒரு வழி வைத்திருக்கிறது. இலையிலிருந்து வேர் நுனிவரை காற்றறைகள் நிறைந்த திசு நீள்கிறது. மேலே வாங்கிய காற்று அந்த அறைகள் வழியே சேற்றுக்குள் இருக்கிற வேருக்குப் போய்ச் சேருகிறது. வேரின் மேல்தோலும் தடித்து, அந்தக் காற்றை வழியில் கசியவிடாமல் காக்கிறது.

தொற்றுத் தாவரத்தின் வேரில் இந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. மரக்கிளையில் எப்போதும் காற்று சூழ்ந்திருந்ததால் அது தேவைப்படவும் இல்லை. இதை வயல் மண்ணை வெட்டி வந்து நிரப்பிய தொட்டியில் நட்டு, நெல்லுக்கு ஊற்றும் மனசோடு தினமும் காலையில் ஒரு சொம்பு ஊற்றினால் என்ன ஆகும்? மண்ணின் துளைகள் எல்லாம் தண்ணீரால் அடைபட்டு, வேரின் செல்கள் ஆக்சிஜன் இல்லாமல் சோர்ந்துபோகும். இந்தச் சமயத்துக்காகவே காத்திருக்கும் பித்தியம், பைட்டாப்தோரா போன்ற நுண்ணுயிரிகள் உள்ளே புகும். வேர் பழுப்பாகி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, ஆகவே மேலே தண்டு சுருங்கித் தொய்யும். தொய்ந்ததைப் பார்த்ததும் தாகம் என்று நினைத்து இன்னொரு சொம்பு ஊற்றுகிறோம். டெல்டா வீடுகளில் இந்தச் செடி போவது பெரும்பாலும் இந்த வழியில்தான். அன்பின் மிகுதியால் நடக்கிற சாவு என்பதால் எனக்கு இது கூடுதல் வருத்தம் தருகிறது.

வயலில் அதே களிமண் கொஞ்சமாவது வடிகிறதே, தொட்டியில் ஏன் இவ்வளவு மோசம் என்று கேட்கலாம். வயலில் மேல்மண்ணுக்குக் கீழே பல அடி ஆழத்துக்கு மண் தொடர்கிறது. அது மேலே இருக்கும் ஈரத்தைக் கீழே இழுக்கும். தொட்டியில் அந்தத் தொடர்ச்சி ஒரு முழத்தில் அறுந்துவிடுகிறது. தண்ணீரைக் கீழே இழுக்கும் புவியீர்ப்பும், மண்துளைகள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் விசையும் ஒரு மட்டத்தில் சமமாகின்றன. அந்த மட்டத்துக்குக் கீழே இருக்கும் ஈரம் ஓட்டை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வடியாது. பாத்திரம் தேய்க்கும் செவ்வக ஸ்பாஞ்சை நன்றாக நனைத்துப் படுக்கைவாட்டில் பிடித்துப் பாருங்கள். சொட்டு நின்றபிறகு அதை நெட்டுக்குத்தாகத் திருப்பினால் மறுபடியும் தண்ணீர் சொட்டும். ஸ்பாஞ்சும் ஓட்டைகளும் மாறவில்லை, உயரம் மட்டும் கூடியிருக்கிறது. மண்துகள் எவ்வளவு நுண்மையோ அவ்வளவு உயரத்துக்கு இந்த வடியாத ஈரம் ஏறி நிற்கும். களிமண்ணில் அது தொட்டி முழுவதையும் பிடித்துக்கொள்ளும்.

தொட்டிக்கு அடியில் ஒரு சாண் ஜல்லி போட்டால் வடிந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. நுண்மையான மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகள் உள்ள ஜல்லிக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. மேல்மண் முழுதும் நிரம்பி வழியும்வரை அங்கேயே நிற்கும். விளைவாக, ஈர மட்டம் வேருக்கு இன்னும் கிட்டத்தில் வந்துவிடுகிறது. ஓட்டையின் மேல் ஒரு ஓட்டாஞ்சில்லைக் கவிழ்த்து வைப்பது மண் வெளியேறாமல் தடுக்க உதவும். அதற்கு மேல் அடியில் எதுவும் வேண்டாம். மாற்ற வேண்டியது நிரப்புகிற பொருளைத்தான்.

இதற்கு ஆன்லைனில் விலை கொடுத்து வாங்கும் கலவைப் பைகள் தேவையே இல்லை. டெல்டாவிலேயே எல்லாம் கிடைக்கிறது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை வளர்கிறது, ஆகவே தேங்காய் மட்டைக்குப் பஞ்சமில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறிய கஜா புயல் அங்கே சாய்த்த தோப்புகளை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. ஆனாலும் அந்த ஊர்களில் தென்னை மறுபடி தழைத்துவருகிறது. மட்டையை விரல் கனத்துத் துண்டுகளாக நறுக்கிப் பாதிக்கு மேல் போடுங்கள். அரிசி ஆலையில் கிடைக்கும் உமிக்கரி ஒரு பங்கு. மக்கிய இலையுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. வல்லம் பக்கத்துச் செம்மண் இருந்தால் ஒரு கைப்பிடி சேர்க்கலாம். இந்தக் கலவை ஈரத்தைத் தன் துண்டுகளுக்குள் வைத்துக்கொண்டு, துண்டுகளுக்கு நடுவில் காற்றை விட்டுவைக்கும். மரக்கிளைப் பிளவில் இருப்பதும் இதே நிலைமைதான்.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. தேங்காய் மட்டையிலும் நார்த்தூளிலும் பொட்டாசியம், சோடியம் உப்புகள் இருக்கும். நறுக்கியதை ஒரு வாளியில் ஊறவைத்து, பழுப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தண்ணீர் தெளியும்வரை சில தடவை மாற்றுங்கள். மக்காத நார்த்தூளை அப்படியே கொட்டுவதும் தவறு. அதில் கரிமம் மிக அதிகம், நைட்ரஜன் மிகக் குறைவு. அதைச் சிதைக்க வரும் நுண்ணுயிரிகள் செடிக்குப் போக வேண்டிய நைட்ரஜனை முதலில் எடுத்துக்கொள்ளும், செடி வெளிறும். சிப்பிக்காளானைக் கொண்டு நார்க்கழிவை மக்கவைக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பல காலமாகப் பரிந்துரைத்து வருகிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பும் ஒரு தொல்லை. அங்கே மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுவது இந்தச் செடிக்குச் செய்யும் பெரிய உபகாரம்.

இந்தச் செடி எப்படிச் சாப்பிடுகிறது என்ற கதையில் நம் டெல்டாவுக்கு எதிர்பாராத ஒரு பங்கு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், டேனிஷ்காரர்களின் கையில் இருந்த தரங்கம்பாடிக்கு பெஞ்சமின் ஹைன் என்ற ஜெர்மானியர் மொரேவியன் சபையின் மிஷனரியாக வந்தார். அந்தக் காலத்துத் தரங்கம்பாடி தாவரவியலுக்குப் பேர்போன இடம். லின்னேயஸின் மாணவரான கோனிக் அங்கே 1768-லேயே வந்து செடிகளைச் சேகரித்திருந்தார். ஹைன் பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகச் சென்னை மாகாணத்தில் பணியாற்றி, 1819-இல் சென்னையில் காலமானார். ரணகள்ளி நமக்குத் தெரியும்; இலையை நூலில் கட்டிச் சுவரில் தொங்கவிட்டாலும் விளிம்பில் குட்டி போடும் செடி. அதன் இலை விடியற்காலையில் புளிப்பாகவும் நண்பகலில் சப்பென்றும் சாயங்காலத்தில் லேசான கசப்பாகவும் இருப்பதை ஹைன் நாக்கால் கண்டுபிடித்தார். லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏடு 1815-இல் அதை வெளியிட்டது. காரணம் முழுதாகப் புரிய நூறு வருஷத்துக்கும் மேல் ஆயிற்று.

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கார்பன் டையாக்சைடை உள்ளே இழுக்கின்றன. நெல்லும் அப்படித்தான். துளை திறந்தால் காற்று உள்ளே வரும், ஈரம் வெளியே போகும். பகல் வெயிலில் அந்த இழப்பு அதிகம். ரணகள்ளியும் பிரம்மகமலமும் பகலில் துளைகளை மூடிக்கொள்கின்றன. இரவின் குளிர்ச்சியில் திறந்து, இழுத்த கார்பன் டையாக்சைடை மாலிக் அமிலமாக மாற்றி, செல்லுக்குள் இருக்கிற நுண்குமிழ்களில் சேர்த்துவைக்கின்றன. காலைப் புளிப்பு அதனால்தான். வெயில் வந்ததும் அமிலம் உடைந்து உள்ளேயே கார்பன் டையாக்சைடு வெளிவர, மூடிய துளைகளுக்குப் பின்னால் இருந்தபடியே செடி அதைச் சர்க்கரையாக்குகிறது. சாயங்காலத்துக்குள் புளிப்பு தீர்ந்துவிடுகிறது.

மழைக்காட்டுச் செடிக்குப் பாலைவனச் செடியின் இந்தச் சிக்கனம் எதற்கு? கிளையின் மேல் இருக்கும் வேருக்கு, மழை நின்ற அடுத்த நாளே வறட்சிதான். அதற்காகவே இந்த ஏற்பாடு. உங்கள் செடியிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். விடியற்காலையில் ஒரு சிறு துண்டையும் சாயங்காலம் இன்னொரு துண்டையும் நசுக்கி, பள்ளிக்கூட ஆய்வகங்களில் பயன்படும் பி.ஹெச். தாளைத் தொட்டுப் பாருங்கள். ஹைனைப் போல நாக்கில் வைக்க வேண்டாம். ரணகள்ளியில் இதயத்தைப் பாதிக்கும் நஞ்சுகள் இருக்கின்றன.

நர்சரிகளில் இப்படிப்பட்ட செடிகளை விற்கும்போது, இரவிலும் ஆக்சிஜன் விடும், படுக்கையறையில் வையுங்கள் என்று சொல்கிறார்கள். அது சரியில்லை. ஆக்சிஜன் வெளிவருவது ஒளியால் தண்ணீர் பிளக்கப்படும்போது மட்டுமே. இருட்டில் அது நடக்காது. இரவில் இவை கார்பன் டையாக்சைடைக் கொஞ்சம் எடுத்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். ஒரு தொட்டிச் செடி அறையின் காற்றை மாற்றிவிடாது. அதைப் பூவுக்காக வளர்த்தால் போதும்.

வெளிச்ச விஷயத்தில் நம் கண்ணை நம்பக்கூடாது. நடுப்பகல் வெயிலின் ஒளி ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். ஜன்னலிலிருந்து இரண்டு மீட்டர் உள்ளே தள்ளினால் அது சில நூறுக்கு இறங்கிவிடும். கண் தானாகச் சரிசெய்துகொள்வதால் அறை பிரகாசமாக இருப்பதாக நமக்குத் தோன்றும். செடியோ பட்டினி கிடக்கும். இரவில் சேர்த்த அமிலத்தைச் சர்க்கரையாக்கப் பகல் ஒளி போதாவிட்டால் தண்டு மெலிந்து நூல்போல நீளும், பூ வராது. நேர்மாறாக, மாடியில் உச்சி வெயிலில் வைத்தால் தண்டு மஞ்சளாகி, செம்பழுப்புத் திட்டு விழும். பழைய அக்கிரகாரத்து ஓட்டு வீடுகளில் முற்றத்தைச் சுற்றியிருந்த தாழ்வாரம் இதற்கு அளந்து வைத்த இடம்: வானத்து வெளிச்சம் நாள் முழுக்க, வெயில் கொஞ்ச நேரம் மட்டும், இரவில் காற்றோட்டம். முற்றத்தை மூடிக் கான்கிரீட் போட்டவர்களும் அடுக்குமாடியில் இருப்பவர்களும் கிழக்குப் பார்த்த ஜன்னலையோ பால்கனியையோ தேர்ந்தெடுக்கலாம். காலை வெயில் இரண்டு மணி நேரம் பட்டால் நல்லது. இரவில் ஜன்னல் திறந்திருக்கட்டும். செடி மூச்சை உள்ளிழுப்பது அப்போதுதான்.

தண்ணீர் ஊற்றுவதற்கு நாள் கணக்கு எதையும் நான் சொல்லமாட்டேன். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் அடி ஓட்டையில் வழியும்வரை ஊற்றுங்கள். ஈரம் தட்டினால் விட்டுவிடுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால், அதில் தேங்கியதை அப்போதே கொட்டிவிடுங்கள். பருவத்துக்கு ஏற்றபடி இந்தக் கணக்கு தானாக மாறும். சித்திரை, வைகாசியில் இரண்டு மூன்று நாளில் காயும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் இழுத்துவிட வேண்டும். அந்த மாதங்களில் தண்ணீரே தேவைப்படாத வாரங்கள் உண்டு. நத்தை ஏறுவதும் அப்போதுதான், இரவில் டார்ச் அடித்துப் பொறுக்கி எடுப்பதே சிறந்த மருந்து. தை, மாசிக் குளிரில் கொஞ்சம் காயவிடுவது செடிக்கு ஓய்வு. மாவுப்பூச்சி தெரிந்தால் வேப்பெண்ணெயில் சோப்புக் கரைசல் கலந்து துடைத்துவிடலாம். எறும்பு வரிசையாக ஏறினாலே மாவுப்பூச்சி எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம்.

வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து குறுவைக்குத் தண்ணீர் வரும் நாட்களையொட்டித்தான் பெரும்பாலும் இதிலும் மொட்டு தலைகாட்டும். தண்டின் ஓரப் பள்ளங்களில் மிளகளவில் சிவந்து தெரிவதிலிருந்து விரிவதற்கு மூன்று, நான்கு வாரம் ஆகும். இந்த நாட்களில் மட்டும் முழுதாகக் காயவிடாதீர்கள். தொட்டியை இடம் மாற்றாதீர்கள். மாற்றினால் மொட்டு உதிர்வது சகஜம். தொங்கிக்கொண்டிருக்கும் மொட்டின் காம்பு வளைந்து நுனி மேல்நோக்கி நிமிர்ந்துவிட்டால் பூக்கும் நாள் நெருங்கிவிட்டது. அன்றைக்கு இதழ்களின் செல்களில் சர்க்கரை கூடி, தண்ணீர் வேகமாக உள்ளே பாய்ந்து, இதழ்கள் நம் கண்முன்னேயே விரியும். வெள்ளை நிறம், நீண்ட குழல், இரவில் வீசும் கனத்த மணம் எல்லாமே பருந்து அந்துப்பூச்சிக்கான அழைப்பு. இருட்டில் பறந்துவரும் அந்தப் பூச்சியின் நீண்ட உறிஞ்சுகுழல் தேனைத் தொட வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு ஏற்பாடும். நம் ஊரில் இது காய்ப்பது அரிது. வீடு வீடாகப் போனவை எல்லாம் பெரும்பாலும் ஒரே செடியின் துண்டுகள், இந்தச் செடியோ தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை.

ஆகவே இது பரவுவது நம் கையால்தான். ஒரு சாண் நீளத்துக்கு முதிர்ந்த தண்டை வெட்டி, நிழலில் ஐந்தாறு நாள் போட்டுவையுங்கள். வெட்டுவாயில் தக்கைபோன்ற ஒரு படலம் வளர்ந்து காயத்தை மூடும். அதற்கு முன்பு நட்டால் அழுகல் கிருமி அந்த வழியாகவே நுழைந்துவிடும். நட்டபிறகு பூக்க இரண்டு, மூன்று வருஷம் பொறுக்க வேண்டும். அடுத்த ஆடியில் உங்கள் வீட்டுப் பூவைப் பார்க்க வந்தவர் ஒரு துண்டு கேட்டால் தயங்காமல் கொடுங்கள். கொடுக்கும்போது இரண்டு கை தேங்காய் மட்டைத் துண்டையும் சேர்த்துக் கொடுத்து, ஒரு வாரம் காயவைத்து இதில் நடுங்கள், வயல் மண்ணில் வேண்டாம், தினமும் தண்ணீர் வேண்டாம் என்று தயவுசெய்து வாயால் சொல்லி அனுப்புங்கள்.